கீழ்க்கொண்டி

நாரந்தனை
19.01.1992

சேசு மரி சூசை

பிள்ளை மேரிஜோசப்பினுக்கு,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் நீர் முகத்தைச் சுளிப்பீர் என்று தெரியும். வேலிச் சண்டைக்குப் பிறகு உங்கள் வளவுப் பக்கம் தலை திருப்பாத லியோன்தான் எழுதுகிறேன். நானாக எழுதவில்லை. உம்மைப் பெற்ற ஐயா, சந்தியோகு அண்ணை, பக்கத்தில் குந்தியிருந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது. உளி பிடிக்கக் கண் தேவையில்லையாம், பேனை பிடிக்கத்தான் தேவையாம்.

அவர் சுகம். சாப்பாட்டுக்குக் குறையில்லை. குறை என்று சொன்னால் மட்டும் என்ன வரப்போகிறது. ஆமி வந்து நீங்கள் எல்லாரும் வள்ளம் ஏறின பிறகு இந்த ஒழுங்கையில் மிஞ்சினது நானும் அக்காவும் அவரும்தான். பாரிசவாதத்தில் கிடந்த அக்காவை வள்ளத்தில் ஏற்ற ஏலாது, அதனால் நான் நின்றேன். அவர் ஏன் நின்றார் என்று கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கதை சொல்லுகிறார். அக்கா சின்னத்தங்கம் மார்கழியில் போய்விட்டா. எல்லாக் காரியமும் அண்ணைதான் பார்த்தார். அதற்குப் பிறகு ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தேன், நடுவில் இருந்த வேலியைக் காணவில்லை. கதியாலைப் பிடுங்கி அடுக்கி வைத்துவிட்டு, "ஆளில்லாத ஊருக்கு என்னடா வேலி, உன்ர ஆடு எங்கை வேணுமெண்டாலும் மேயட்டும்" என்றார். ஏழெட்டு வருசம் முறைத்துக்கொண்டு திரிந்தது இதற்குத்தான்.

அவருக்கு வேலை ஓயவில்லை. இப்போது பெட்டி அடிக்கிறார். விடியத் தொடங்கினால் பொழுதுபட்டுத்தான் சுத்தியலை வைப்பார். இந்த வயதில் இது தேவையா என்று கேட்டால் என்னைத் திட்டுகிறார்.

பேத்தி ஜெனிற்றாவுக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னார். வீட்டு முன்கதவின் கீழ்க்கொண்டிக்கு ஒவ்வொரு ஞாயிறும் எண்ணெய் விடுகிறாராம். உளுத்துப்போகவில்லையாம். இதை இரண்டு முறை எழுதச் சொன்னார், நான் ஒருமுறைதான் எழுதுவேன்.

கடிதம் கொழும்பு சுற்றித்தான் வரும். நடுவில் உடைத்துப் பார்ப்பார்கள், பார்த்து எழுதும்.

லியோன்


பாசையூர்
12.03.1992

மதிப்புக்குரிய லியோன் மாமாவுக்கு,

முகம் சுளித்தது உண்மைதான். பிறகு உங்கள் கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுததும் உண்மை. இங்கே கரையில் நின்றால் எங்கள் தீவுப் பக்கம் தெரிகிறது. கண்ணுக்குத் தெரிகிற இடத்திலிருந்து கடிதம் வர இரண்டு மாதம். சின்னத்தங்கம் மாமிக்காக இங்கே கோயிலில் பூசை சொல்லுவித்தோம்.

ஐயா பெட்டி அடிக்கிறார் என்று வாசித்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்த மனுசன் சாமான் சக்கட்டைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. வள்ளத்தடியில் என்ன சொன்னவர் தெரியுமா? "நீங்கள் ஏறுங்கோ, நான் கதவைப் பூட்டிப்போட்டு அடுத்த வள்ளத்தில வாறன்." அந்தக் கதவை இன்றுவரை பூட்டிக்கொண்டுதான் நிற்கிறார்.

ஆனால் எத்தனை பெட்டி அடிக்கிறார்? அவரிடம் இருப்பது இரண்டு சாரமும் ஒரு வெள்ளைச் சேட்டும். தச்சு ஆயுதப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லுங்கள். இங்கே நாங்கள் இருப்பது இன்னொருவரின் வீட்டில், ஒரு அறையும் குசினியில் பாதியும். விறாந்தையில் அவருக்கு இடம் கேட்டு வாங்கிவிட்டேன். கொழும்பு வந்து வவுனியாவால் வரட்டும், கிளாலியில் ஆளை விட்டு வள்ளத்தில் ஏற்றுவோம்.

ஜெனிற்றா அவருக்கென்று ஒரு பாயை விரித்து வைத்துக்கொண்டு ஒருவரையும் இருக்க விடுகிறாளில்லை. அந்தக் கொண்டிக் கதை உங்களுக்குத் தெரியாது, அப்போது உங்களோடு நாங்கள் கோபம். அவள் நடக்கத் தொடங்கின காலம் ஐயா வேலையால் வந்தால் கதவைத் திறக்க ஓடுவாள். கொண்டி எட்டாது, அழுவாள். ஒருநாள் வேலைக்குப் போகாமல் இருந்து, கதவின் கீழ்ப்பக்கம் அவளுடைய உயரத்துக்குச் சின்னதாக ஒரு மரக்கொண்டி செய்து பூட்டினார். பிறகு பகலில் அந்தக் கீழ்க்கொண்டி மட்டும்தான் போடுவோம். பொழுதுபட வந்து கதவில் தட்டுவார். "ஆரது?" என்பாள் உள்ளே நின்று. "தச்சன் வந்திருக்கிறன், திறக்கலாமோ?" என்பார். எவ்வளவு களைத்து வந்தாலும் அவள் திறக்கும்வரை வெளியில் நிற்பார். மழைக்குள்ளும் நின்றிருக்கிறார்.

அவரைக் கெதியாக அனுப்பிவிடுங்கள். நீங்களும் வந்தால் வாருங்கள்.

மேரிஜோசப்பின்


நாரந்தனை
10.05.1992

சேசு மரி சூசை

பிள்ளை மேரிஜோசப்பினுக்கு,

உமது கடிதத்தை அவருக்கு வாசித்தேன். மழைக்குள் நின்ற இடம் வந்ததும் சிரித்தார். கிளாலி வந்ததும் எழும்பிப் போய் ஒரு பலகையைச் சீவத் தொடங்கினார், அது ஏற்கெனவே சீவி முடித்த பலகை.

பிள்ளை, நான் பெட்டி என்று எழுதினது ஒன்று, நீர் விளங்கிக்கொண்டது வேறொன்று. அதைத் திருத்தி எழுத வெளிக்கிட்டேன், அண்ணை பேனையைப் பறித்து வைத்துக்கொண்டார். கையைக் கட்டினால் நான் என்னத்தை எழுதுவது.

அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்: "வேலை முடியேல்லை. வேலையை அரைகுறையில விட்டுட்டு நான் ஒரு நாளும் வீட்டை வந்தனானோ எண்டு அவளிட்டைக் கேள்."

எனக்கு இங்கே கோயில் மணி அடிக்கிறதும் ஆட்டுக்குக் குழை வெட்டுகிறதும் தவிர வேலை இல்லை. மணிக்கயிறு இற்றுப் போய்விட்டது. பூசைக்கு வர ஆளில்லை. ஆனாலும் அடிக்கிறேன், அடிக்காவிட்டால் அவர் வந்து உடம்புக்கு என்ன வருத்தமோ என்று கேட்கிறார்.

லியோன்


பாசையூர்
02.08.1992

லியோன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை ஐயாவுக்கு ஒரு சொல் விடாமல் வாசித்துக் காட்டுங்கள்.

போன கிழமை தண்ணி அள்ளக் குழாயடிக்குப் போனேன். எங்கள் ஊர்ச் சனம் நின்றது. அருளப்பர் மகள் மரியமுத்து, வயிற்றுப் பிள்ளைக்காரி, எல்லாருக்கும் முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எங்கட முன்கதவைக் கழட்டிக்கொண்டு போனது ஆர் தெரியுமே? இவவின்ர அப்பர். கதவு செய்த கைக்குக் கழட்டவும் தெரியுந்தானே." தீவிலிருந்து கொழும்பு போய்ச் சுற்றி வந்த ஒருவர் கண்ணால் கண்டாராம். ஐயா பட்டப்பகலில் கதவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் போனாராம். இன்னும் எத்தனையோ வீடு வாய் பிளந்து கிடக்கிறதாம்.

நான் வாளியை வைத்துவிட்டுச் சண்டை பிடித்தேன். என்ர ஐயா அப்படிச் செய்யிற ஆளில்லை என்று தொண்டை கிழியக் கத்தினேன். வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களை எடுத்து வாசித்தேன். பெட்டி அடிக்கிறார். வேலை முடியவில்லை. பேனையைப் பறித்தார். இப்போது எல்லாம் விளங்குகிறது. சனத்தின் கதவுகளை உடைத்துப் பெட்டியாக அடித்து ஆருக்கு விற்கிறார்?

இங்கே சனம் பூட்டி வந்த வீட்டின் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு திரிகிறது. வீடு போனாலும் திறப்பு இருக்கிறதென்று அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு படுக்கிறது. அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? ஜெனிற்றாவைப் பள்ளிக்கூடத்தில் கதவுக் கள்ளன்ர பேத்தி என்கிறார்கள். அவள் அதற்குப் பிறகு அந்தப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டாள். நான் சொல்லவில்லை, அவளாகவே சுருட்டினாள்.

ஐயா, நீங்கள் கழட்டினீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள். கழட்டினது உண்மையென்றால் இந்தப் பக்கம் வரவேண்டாம். நான் களைத்துப்போனேன். அகதியென்று சொல்லக் கேட்டாயிற்று, கள்ளன்ர மகள் என்று கேட்க என்னால் ஏலாது.

மேரிஜோசப்பின்


நாரந்தனை
25.10.1992

சேசு மரி சூசை

பிள்ளை மேரிஜோசப்பினுக்கு,

ஒரு சொல் விடாமல் வாசித்தேன். இரண்டு இடத்தில் விட்டுவிட்டுப் போகப் பார்த்தேன், "அதுக்குள்ளை என்னவோ முழுங்கிறாய், திருப்பி வாசி" என்று பிடித்துவிட்டார்.

முடிந்த பிறகு நெடுநேரம் உளியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஓம், கழட்டினனான் எண்டு எழுது. மிச்சம் ஒண்டும் எழுதாதை."

எழுதிவிட்டேன். என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார், அதனால் மிச்சம் எழுதவில்லை. எனக்கு நெஞ்சு வெடிக்கிறது பிள்ளை. ஆனால் உம்மைப் பிழை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

லியோன்


பாசையூர்
05.01.1993

லியோன் அவர்களுக்கு,

ஐயாவின் பதில் கிடைத்தது. இனி எழுத ஒன்றும் இல்லை.

ஜெனிற்றா நத்தார்ப் பெருநாளுக்கு முந்தின ஞாயிறு பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம், முதல் நன்மை, வாங்கினாள். பழைய சீலையொன்றை வெட்டி வெள்ளைச் சட்டை தைத்தேன். படம் எடுக்க வழியில்லை. கோயில் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆரைப் பார்க்கிறாய் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

அவள் தானும் எழுத வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். கீழே எழுதியிருக்கிறாள். அதை அவருக்கு வாசிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

மேரிஜோசப்பின்

*அப்பு, இந்த வீட்டுக் கதவில் கொண்டி மேலேதான் இருக்குது. ஆனால் எனக்கு இப்ப எட்டுது. நீங்கள் வந்து தட்டினால் நான் திறப்பன். ஆரது எண்டு கேக்க மாட்டன். ஜெனிற்றா.*


நாரந்தனை
21.03.1993

சேசு மரி சூசை

பிள்ளை மேரிஜோசப்பினுக்கு,

இருந்துகொண்டு வாசியும். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்.

அண்ணை போய்விட்டார். மாசிக் கடைசியில் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி இறங்கினது. மருந்துக்கு ஆளனுப்பி அது வருவதற்குள் முடிந்துவிட்டது. கஷ்டப்படவில்லை. சுவாமியார் வர வழியில்லை, நானே செபம் சொன்னேன். சத்தியமும் அவரோடு போய்விட்டது. இனி நான் சொல்லுவேன்.

என் அக்கா செத்த அன்று இந்த ஊரில் ஒரு துண்டுப் பலகை இல்லை. மரம் தறிக்க ஆமி நிற்கிற பக்கம் போக ஏலாது. அக்காவைப் பாயில் சுற்றித்தான் குழியில் தாழ்க்க வேண்டும் என்று நான் குந்தியிருந்து அழுதேன். வருசக்கணக்காக என்னோடு பேசாத மனுசன் வேலியைக் கடந்து வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அக்காவின் நீளத்தைக் கையால் அளந்துகொண்டு போனார். தன் தச்சுக்கொட்டிலின் கதவைக் கழட்டி, அன்று பின்னேரத்துக்குள் பெட்டி அடித்துக் கொண்டுவந்தார். உள்ளுக்கும் சீவியிருந்தார். உள்ளுக்கு ஏன் அண்ணை என்று கேட்டேன். "அவதானே உள்ளுக்கை படுக்கிறா" என்றார்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராகப் போகத் தொடங்கினார்கள். வள்ளம் ஏற மாட்டோம் என்று நின்ற கிழடுகள். பார்க்க ஆளில்லை, மருந்தில்லை. யாரையும் பாயில் தாழ்க்க அவர் விடவில்லை. நான் எழுதின பெட்டி அதுதான் பிள்ளை. பெட்டி என்றால் உமக்குப் பயணம், எங்களுக்கு இங்கே அது ஒன்றுதான்.

அவர் கதவு கழட்டுகிறதைப் பார்த்தவனுக்குப் பாதிதான் தெரியும். நான் கூடப் போனேன், முழுதும் தெரியும். தான் செய்த கதவைத் தவிர வேறு கதவைத் தொட மாட்டார். வெறும் வீடென்று தெரியும், ஆனாலும் போய் நின்று தட்டுவார். "தச்சன் வந்திருக்கிறன், கழட்டலாமோ?" என்று கேட்பார். கொஞ்சம் பொறுத்துத்தான் கை வைப்பார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு நானும் தொப்பியைக் கழட்டிக்கொண்டு நின்றேன். கதவுப் பிணைச்சலையும் பூட்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றி அந்தந்த வீட்டுக் குசினிப் புகட்டில், அடுப்புக்கு மேலே, வைத்துவிட்டு வருவார். "சனம் வந்த உடனை புதுக்கதவு போட்டுக் குடுக்க வேணும், பிணைச்சலுக்கு எங்கை போறது" என்பார். தான் வாழுகிற வயதை அவர் யோசிக்கவேயில்லை.

இனி மரியமுத்து விசயம். அவளுடைய முன்கதவை அவர் கழட்டினது உண்மை. அது அவளுடைய தகப்பன் அருளப்பருக்கு. போன வருசம் சித்திரையில் அருளப்பர் செத்துவிட்டார். கொழும்பில் இருக்கிற மகனுக்கு உடனே அறிவித்தோம். தங்கச்சி பிள்ளைத்தாச்சி, பெற்றெடுக்கும் வரை ஒருவரும் சொல்லக்கூடாது என்று அவன் எழுதியிருந்தான். அந்த நேரத்தில்தான் உமது கடிதம் வந்தது. இதையாவது அவளுக்கு எழுதுவோம் அண்ணை, உங்கட பேரல்லோ போகுது என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். அவர் சொன்னார்: "என்ர மகளுக்கு எழுதினால் அவள் தண்ணிக் குழாயடியில நிண்டு சொல்லிப்போடுவாள். அவளின்ர வாய் எனக்குத் தெரியும். கதவுக்குக் கணக்குச் சொல்லப்போய் ஒரு பிள்ளைத்தாச்சிக்குச் செத்தவீடு சொல்லுறதோ? என்ர பேர் பிறகு வரும். வராட்டில் போகட்டும்."

உமது கோபத்தை அவர் மனதில் வைக்கவில்லை. இதை நான் ஆறுதலுக்கு எழுதவில்லை. ஜெனிற்றா எழுதினதை எத்தனை தரம் வாசிப்பித்தார் என்று எனக்குத்தான் தெரியும். சாகக் கிடந்த அன்றும் கேட்டார். "எட்டுதாமோ?" என்றார். ஓம் அண்ணை, எட்டுதாம் என்றேன். "அப்ப வளந்திட்டாள்" என்றார். அதற்குப் பிறகு பேச்சில்லை.

இனி என் குற்றம். உங்கள் வீட்டு முன்கதவை அவர் கடைசிவரை தொடவில்லை. தனக்கு என்று வந்தால் பாய் போதும், அந்தக் கதவைத் தொடாதே, பிள்ளை வந்து திறக்க வேணும் என்று சொல்லி வைத்திருந்தார். ஆனால் அவர் செய்த கதவென்று எனக்கு எட்டின தூரத்தில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். என் அக்காவைப் பாயில் சுற்ற விடாத மனுசனை நான் பாயில் சுற்றுகிறதா? போய் நின்று தட்டினேன். என்ன சொல்லுகிறதென்று தெரியவில்லை, நான் தச்சன் இல்லையே. லியோன் வந்திருக்கிறன் என்றேன். கழட்டிவிட்டேன்.

அவருடைய வாளாலும் சுத்தியலாலும்தான் அடித்தேன். கோணல். அவர் கண்டிருந்தால் பிரித்து அடிக்கச் சொல்லியிருப்பார். மூடியை அடித்து முடித்த பிறகுதான் கண்டேன், மேற்பக்கத்தில் கீழ்க்கொண்டியைக் காணவில்லை. மேற்கொண்டியை நான் முதலே கழட்டிவிட்டேன், இரும்பு. கீழ்க்கொண்டி மரத்தோடு மரமாகப் பொருந்திக் கிடந்தது, அதை விட்டுவிட்டேன். மூடியை மறுபக்கம் திருப்பி அடித்துவிட்டேன் பிள்ளை. கொண்டி உள்ளுக்குப் போய்விட்டது. ஆணியைப் பிடுங்கினால் பலகை பிளந்துவிடும். அப்படியே தாழ்த்துவிட்டோம்.

உங்கள் வீடு இப்போது கதவில்லாமல் நிற்கிறது. கிடுகுத் தட்டி கட்டியிருக்கிறேன். பிணைச்சல் குசினிப் புகட்டில் இருக்கிறது. ஆடு போகாமல் பார்த்துக்கொள்ளுகிறேன். நீர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளுவேன்.

லியோன்


பாசையூர்
14.06.1993

சேசு மரி சூசை

அன்புள்ள லியோன் மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது ஐயாவின் முப்பத்தோராம் நாள் கடந்துவிட்டது. பிந்தினாலும் பூசை வைத்தோம். சுவாமியார் பிரசங்கத்தில் ஐயாவைப் பற்றி என்ன சொல்லலாம் என்று என்னிடம் கேட்டார். நாரந்தனைக் கோயிலில் சனம் இருக்கிற வாங்குகள் அவர் செய்தவை, பாவசங்கீர்த்தனக் கூடு அவர் செய்தது, அரைவாசி ஊர் அவர் செய்த கட்டிலில் பிறந்தது, மிச்சத்தை அவர் தூங்க வைத்தார் என்று சொன்னேன்.

பூசைக்கு முதல்நாள் மரியமுத்துவிடம் போனேன். தையில் பெற்றெடுத்திருந்தாள், ஆண்பிள்ளை. தமையன் இன்னும் சொல்லவில்லை. என்னைக் கண்டதும் கதவு விசயமாக வந்திருக்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பினாள். ஓம், கதவு விசயம்தான், பிள்ளையைக் கீழே கிடத்திவிட்டு இரு என்றேன். உங்கள் கடிதத்தில் அவளுடைய இடத்தை வாசித்தேன். கன நேரம் அழுதாள். பிறகு கேட்டாள்: "எது, முன்கதவோ குசினிக் கதவோ?" முன்கதவு என்றேன். "அது நல்ல பலகை. எங்கட ஐயாதான் பார்த்துப் பார்த்து எடுத்தவர்" என்றாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தக் கதவைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தோம். பூசைக்கு வந்து முன்வாங்கில் என் பக்கத்தில் இருந்தாள். குழாயடியில் பேசினதைப் பற்றி அவளும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. கைக்குழந்தையை என் மடியில் தந்துவிட்டு நன்மை வாங்கப் போனாள்.

நான் எழுதின கடிதத்தை மட்டும் என்னால் மறக்க ஏலாது மாமா. என் வாய் அவருக்குத் தெரியும் என்று அவர் சொன்னது சரி. அதைச் சொன்னபோது சிரித்தாரா, இல்லையா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். சிரிக்கவில்லை என்றாலும் எழுதுங்கள்.

வேலியை நீங்கள் போட நினைத்த இடத்திலேயே போடுங்கள். போடாமல் விட்டாலும் சரி.

கதவைக் கழட்டினதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது. நான் அங்கே நின்றிருந்தால் நானே கழட்டித் தந்திருப்பேன்.

கொண்டி உள்ளே போய்விட்டதை ஜெனிற்றாவுக்குச் சொல்லுவதில்லை என்றுதான் இருந்தேன். கடிதத்தை அவளே எடுத்து வாசித்துவிட்டாள். எழுத்துக்கூட்டி வாசித்து முடிய நெடுநேரம் எடுத்தது. பிறகு என்னிடம் வந்து, "கொண்டி அப்புவின்ர பக்கமோ?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.

"அப்ப பரவாயில்லை. ஊருக்குப் போன உடனை நான் போய்த் தட்டுறன். அப்பு திறக்கட்டும்."

அந்தப் பாயைத் திரும்பவும் விறாந்தையில் விரித்திருக்கிறாள்.

மேரிஜோசப்பின்